புது டொமைன் விகுதி: எந்த நிறுவனத்திடம் ஒப்படைப்பது?

கேள்வி: எங்கள் பிராண்ட் பெயரிலேயே (.com போல) டொமைன் விகுதி வாங்க முதலாளி முடிவெடுத்துவிட்டார். இணைய டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் (ICANN) அமைப்புக்கு விண்ணப்பக் கட்டணமே 2,27,000 டாலர். எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மூன்று நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. என்ன கேட்டுத் தேர்வது?

பதில்: முதலில், ஐகான் மதிப்பீட்டில் தேறிய பதிவகச் சேவையாளர் (விகுதியைத் தொழில்நுட்ப ரீதியில் இயக்கும் நிறுவனம்) பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் எழுதித்தரும் ஆலோசகர் வேறு, டொமைன் பெயரை இணைய முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சர்வரை ஓட்டுபவர் வேறு. இரண்டுக்கும் தனித்தனி விலை கேளுங்கள்.

பதில்: ஒப்பந்தத்திலிருந்து விலகும் விதியையும் படியுங்கள். 2017-இல் .வெட் (.wed) விகுதியின் பின்னணிச் சேவை தடைபட்டபோது, பிரிட்டனின் .uk விகுதியை நடத்தும் நாமினெட்தான் அவசரப் பொறுப்பேற்றது. வேறு சேவையாளருக்கு மாறினால் தரவை எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் தருவார்கள் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

கேட்டவர்: நன்றி. ஒருவர் அனுப்பிய வரைவில் விலகும் விதியே இல்லை. நாளைக்கே கேட்கிறேன்.