6,800க்கு மேல இன்ஜின் இடறுது, வால்வு ஸ்பிரிங்கா? அவசரம்

கால்மைல்:
நாளன்னைக்கு டிராக் (drag) ரேஸ், நேர்கோட்டுல ஓட்டுறது. 6,800 ஆர்பிஎம் தாண்டினா பட்பட்னு இடறுது, இழுவையே இல்ல. அதுக்குக் கீழ நல்லா ஓடுது. வால்வு ஸ்பிரிங் செட் மாத்தினா போதுமா? சீக்கிரம் சொல்லுங்க.

திருகுச்சாவி:
என்ன இன்ஜின்? லிஃப்டர் (கேம் தண்டு தூக்கிவிட, வால்வைத் திறக்க வைக்கிறது) சாலிட் ரோலரா, ஆயில்ல தானே இடைவெளியைச் சரிபண்ற ஹைட்ராலிக்கா? வால்வு லிஃப்ட் (திறக்கிற தூரம்) எவ்வளவு? லாஷ் (வால்வை அழுத்துற ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவுல விடுற இடைவெளி) பார்த்தீங்களா?

பிஸ்டன்77:
இக்னிஷன்தான். பிளக் இடைவெளியை 0.035லேர்ந்து 0.028 இன்ச்சாக் குறைச்சுப் பாருங்க.

பழையபட்டறை:
கேம் விவரம்கூடப் போடாம பதில் கேட்டா எப்படி தம்பி? இதெல்லாம் இங்க பலமுறை எழுதியாச்சு, தேடிப் படிக்கணும். ஸ்பிரிங்கை அளக்காம மாத்துறது வேலை தெரிஞ்சவன் செய்யறதில்ல.

கால்மைல்:
ஸ்மால் பிளாக் ஷெவி, அலுமினிய சிலிண்டர் ஹெட், சாலிட் ரோலர், நீடில் லிஃப்டர் (ரோலருக்குள்ள ஊசி பேரிங்), லிஃப்ட் 0.650 இன்ச். லாஷ் எல்லாம் 0.018 இன்ச் வெச்சது. இப்ப 5வது சிலிண்டர் எக்ஸாஸ்ட் மட்டும் 0.031 காட்டுது.

லாஷ்கேஜ்:
இதை முதல்லயே சொல்லியிருக்கணும். சூட்டுல அளந்தீங்களா, ஆறினப்புறமா? அலுமினிய ஹெட்ல அதுக்கே 0.006 வரை வித்தியாசம் வரும். ஆனா ஒரே வால்வுல 0.013 கூடியிருக்குன்னா சூடு காரணம் இல்ல.

லாஷ் குறைஞ்சா கோளாறு வால்வு பக்கம்: வால்வு உக்கார்ற சீட் தேயுது, இல்ல வால்வு இழுபட்டு நீளுது. கூடினா லிஃப்டர், புஷ்ராடு (லிஃப்டருக்கும் ராக்கருக்கும் நடுவுல இருக்கிற கம்பி), ராக்கர், கேம் லோப் (கேம் தண்டோட மேடு) பக்கம். முதல்ல லாஷ் வெக்கிற அட்ஜஸ்டரோட லாக் தளர்ந்திருக்கான்னு பாருங்க. இறுக்கமா இருந்தா, திரும்ப 0.018 வெச்சு ஓட்டிடாதீங்க, அது கோளாறை மூடி மறைக்கிற வேலை.

புஷ்ராடைக் கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க, வளைவு தெரிஞ்சுடும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழட்டி லிஃப்டரை வெளிய எடுங்க. ரோலர் பக்கவாட்டுல கொஞ்சம் ஆடும், பரவாயில்ல. மேல கீழ ஆடினாலோ, சுத்தும்போது சொரசொரன்னு பிடிச்சாலோ அது முடிஞ்சுது. ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பை விரிச்சு, இரும்புத் துகள் ஒட்டுதான்னு காந்தம் வெச்சுத் தடவுங்க.

ஸ்பிரிங்கை ஹெட்ல வெச்சே அளக்கலாம். புதுசுல குறிச்ச சீட் பிரஷரைவிட (வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் அழுத்துற பலம்) 10 சதவீதம் இறங்கினா செட்டாவே மாத்துங்க. புதுசு போடும்போது முழு லிஃப்ட்ல காயில் பைண்டுக்கு (ஸ்பிரிங் சுருள் ஒண்ணோடொண்ணு முட்டுறது) 0.060 இன்ச் மிச்சம் இருக்கணும்.

பிஸ்டன்77:
நீடிலே வேண்டாம், ஊசிக்குப் பதிலா வழவழ வளையம் வெச்ச புஷ் (bush) லிஃப்டர் போடுங்க. தொல்லை விட்டுது.

பழையபட்டறை:
புஷ்ஷுக்கு ஆயில் ஓயாம பிரஷரோட வரணும். அது குறைஞ்சா புஷ் பிடிச்சு, ரோலர் சுத்தாம லோபைத் தின்னுடும். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

பிஸ்டன்77:
ஆயில் இல்லேன்னா நீடில் மட்டும் பிழைக்குமா?

திருகுச்சாவி:
ரெண்டு பேரும் ஸ்பிரிங்கை மறந்துட்டீங்க. பலம் இறங்கின ஸ்பிரிங்ல லிஃப்டர் லோபை விட்டு எகிறி, திரும்பி வந்து அடிக்கும். அந்த அடிதான் ஊசியை நொறுக்குது. பர்ன்அவுட்ல (டயரைச் சூடாக்கச் சுத்தவிடும்போது) ஆர்பிஎம் லிமிட்டர்ல தட்டிக்கிட்டே நிக்கிறதும் அதே கெடுதிதான்.

கால்மைல்:
லாக் இறுக்கமா இருக்கு. ரோலர் மேல கீழ ஆடுது, ஃபில்டர்ல ஊசித் துண்டு. ஸ்பிரிங் சீட் பிரஷர் 250 பவுண்டு இருந்தது, இப்ப 205. ரேஸுக்குப் போகல. நன்றி.

லாஷ்கேஜ்:
ஆயில் பம்பையும் பிரிங்க. துண்டு ஃபில்டருக்கு வர முன்னாடி அது வழியாத்தான் போயிருக்கு, கியர்ல கீறல் இருக்கும்.