மறைக்கல்வி வகுப்புக்கு ஒரு உதவி வேண்டும்

கொடைக்கானலில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். போன வாரம் புனித அகுஸ்தினார் 16 வயதில் நண்பர்களோடு பேரிக்காய் திருடிய கதையைச் சொன்னேன். பசிக்காக இல்லை, திருடும் ருசிக்காக. பெரும்பாலானதைப் பன்றிகளுக்குத்தான் எறிந்தார்கள். பேரிக்காய் நம்ம ஊர்ச் சரக்காச்சே, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 387இல் மிலானில் அவர் ஞானஸ்நானம் பெற்றதுவரை எல்லாம் சரி.

அப்புறம் ஒரு பீடச்சிறுவன் (பூசையில் குருவானவருக்கு உதவும் பையன்), "நாங்க திருடவே இல்லையே டீச்சர், அப்போ அவரைவிட நாங்கதானே பெரிய ஆளு?" என்றான். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காரும் குடிகாரத் தாத்தாவையும் சேர்த்துக் கிண்டல். லூக்கா நற்செய்தி 18இல், 'நான் மற்றவர்களைப் போலப் பாவி இல்லை' என்று கோயிலில் பெருமையாக ஜெபிக்கும் பரிசேயரேதான்! (எனக்குள்ளும் அந்த நினைப்பு எட்டிப் பார்ப்பதுண்டு, அது வேறு விஷயம்.) அந்த உவமையைச் சொல்லியாயிற்று, பலனில்லை.

திட்டாமல் அவனுக்கு உறைக்கிற மாதிரி பத்து நிமிட விளையாட்டோ நாடகமோ யாராவது நடத்தியிருக்கிறீர்களா? சனிக்கிழமைக்குள் சொன்னால் தயாராகிவிடுவேன்.