கேட்டது மருத்துவம், கிடைத்தது நீர்ப்பாசனம்: எத்தியோப்பிய வகுப்பறை அனுபவங்கள்

நீரியல்காரன்:

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் நிறையப் பேர் எத்தியோப்பியாவுக்குக் கிளம்பினோம். இங்கே கல்லூரிகள் பெருகி, சீட்டுகள் காலியாகக் கிடக்க ஆரம்பித்த நேரம். அங்கே நிலைமை நேர்மாறு. 1990-களில் இரண்டு பல்கலைக்கழகங்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்த நாடு, 2000-க்குப் பிறகு மளமளவென்று கட்டி, இன்று அரசுப் பல்கலைக்கழகங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல். கட்டடம் எழுப்பிவிடலாம், பாடம் எடுக்க ஆள்? எங்களுக்கு டிக்கெட் வந்தது அப்படித்தான்.

நான் போய் இறங்கியது தெற்கே அர்பா மிஞ்ச். 1986-ல் நீர்த் தொழில்நுட்பக் கழகமாகத் தொடங்கி 2004-ல் பல்கலைக்கழகமான இடம். அங்கே ஒரு பையனிடம், ஏனப்பா நீர்ப்பாசனப் பொறியியல் எடுத்தாய் என்று கேட்டேன். "நான் எடுக்கவில்லை டீச்சர், கொடுத்தார்கள்" என்றான். (ஆண் ஆசிரியரும் அங்கே டீச்சர்தான்.) அவன் கேட்டது மருத்துவம். ஊர் வடக்கே கோஜ்ஜாம். பஸ்ஸில் வந்துசேர இரண்டு நாள்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேசியத் தேர்வு முடிந்ததும் மாணவர்கள் விருப்பப் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள். எந்த ஊர், எந்தப் பிரிவு என்று முடிவுசெய்வது கல்வி அமைச்சகம். உள்ளே வந்த பிறகும் முதலாண்டு மதிப்பெண்ணை வைத்துத் துறைக்கு ஒரு போட்டி உண்டு. போதாக்குறைக்கு 2008 வாக்கில் 70:30 என்றொரு கொள்கை வந்தது. நூறு பேர் சேர்ந்தால் எழுபது பேர் அறிவியல், தொழில்நுட்பம். மிச்ச முப்பதுக்குத்தான் சமூக அறிவியலும் மொழியும். வரலாறு படிக்க ஆசைப்பட்டவன் சிவில் வகுப்பில் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

முதலில் எனக்கு இது அநியாயமாகத்தான் பட்டது. அப்புறம் அந்தப் பையனின் வீட்டுக் கதையைக் கேட்டேன். அப்பாவுக்குத் துண்டு நிலம், டெஃப் என்ற சிறுதானியம் விதைப்பார். கையில் காசு கிடையாது. ஆனாலும் மகன் ஹாஸ்டலில் தங்கி, மூன்று வேளையும் இஞ்செராவும் (தோசை மாதிரி) ஷிரோவும் (பருப்புமாவுக் குழம்பு) சாப்பிட்டு, முன்பணம் ஒன்றும் கட்டாமல் இன்ஜினியர் ஆகிறான். செலவில் ஒரு பங்கை வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதுவரை தற்காலிகச் சான்றிதழ்தான், அசல் பட்டம் கடன் தீர்ந்தால்தான் கைக்கு வரும். நம் ஊரில் விருப்பப் பிரிவுக்காக நிலத்தை விற்றவர்களைப் பார்த்த எனக்கு, எது மேல் என்று சட்டென்று சொல்ல வரவில்லை.

வகுப்பில் பெரிய தொல்லை மொழி. சின்ன வகுப்பில் தாய்மொழி, ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லாம் ஆங்கிலம். எங்கள் ஆங்கிலம் அவர்களுக்குப் பிடிபடவில்லை, அவர்களுடையது எங்களுக்கு. கரும்பலகையும் ஹேண்ட்அவுட்டும்தான் காப்பாற்றின.

கோவை டீச்சர்:

நான் அடிஸ் அபாபாவில் ஒரு தனியார் கல்லூரியில் மாலை வகுப்பு எடுத்தேன். அமைச்சகத்தின் பட்டியலில் இடம் கிடைக்காதவர்களும், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும் அங்கே வருவார்கள். இவர்கள் பிரிவைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் காசு கட்ட வேண்டும். பெரும்பாலும் கணக்கியல், மேலாண்மை, கம்ப்யூட்டர்.

வங்கியில் வேலை பார்த்த ஒரு பெண், "வகுப்பு பன்னிரண்டு மணிக்குத்தானே?" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. அவர்கள் கடிகாரம் விடியலில் தொடங்குவதால் பன்னிரண்டு என்றால் மாலை ஆறு. அவருடைய தங்கை நம் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். அடிஸில் செயின்ட் மேரிஸ் என்ற கல்லூரி வழியாக இக்னோ படிப்புகள் நடந்தன. 2010-ல் அரசு தொலைநிலைக் கல்வியைத் திடீரென்று நிறுத்தியபோது, அங்கே தொலைநிலையில் படித்துக்கொண்டிருந்தவர்கள் பட்ட கலக்கம் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு தளர்த்தினார்கள்.

இன்னும் அங்கே இருப்பவன்:

நீரியல்காரர் சொன்ன காலம் மலையேறிவிட்டது. 2022-ல் வினாத்தாள் கசிவைத் தடுக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைப் பல்கலைக்கழக வளாகங்களுக்கே கொண்டுவந்தார்கள். ஊர் ஊராக மாணவர்களை பஸ்ஸில் ஏற்றி வந்து, ஹாஸ்டலில் தங்கவைத்து எழுத வைத்தார்கள். நானும் கண்காணிப்புக்குப் போனேன். முடிவு வந்தபோது பாதி மதிப்பெண்ணைத் தொட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். எழுதியவர்கள் ஏறக்குறைய ஒன்பது லட்சம்! பல்கலைக்கழகங்கள் காலியாகிவிடுமே என்று, கொஞ்சம் குறைவாக எடுத்தவர்களுக்குத் துணைப்பாட ஆண்டு ஒன்றை வைத்து உள்ளே எடுத்தார்கள். என் பக்கத்து வீட்டுப் பெண் அப்படித்தான் வந்தாள்.

2023-லிருந்து பட்டம் வாங்கவும் தனியாக ஒரு இறுதித் தேர்வு, அதிலும் ஐம்பது வேண்டும். வேகமாகக் கட்டியதற்கு இப்போது மாணவர்கள் விலை கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். தேர்வைக் குறை சொல்லவில்லை. ஆய்வகக் கருவியைத் தொடாமலே நாலாவது ஆண்டு வந்தவனிடம் திடீரென்று தரம் கேட்பதுதான் உறுத்துகிறது.

விசாகப்பட்டினத்துக்காரர்:

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆந்திரா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எத்தியோப்பியர்கள் வந்தபடியே இருப்பார்கள். நான் பழகியவர்கள் பெரும்பாலும் அங்கே விரிவுரையாளர்கள், படிப்பு விடுப்பில் வந்தவர்கள். சாம்பார் காரம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, அவர்களுடைய பெர்பெரே மிளகாய்ப்பொடி அதைவிடக் காரம். எத்தியோப்பியாவின் வடக்கே டிக்ராயில் 2020-ல் போர் மூண்டபோது, அதன் தலைநகர் மெகெல்லேயைச் சேர்ந்த ஒருவர் வீட்டுக்குப் பேசவே வழியில்லாமல் மாதக்கணக்கில் ஆய்வேட்டை எழுதினார்.

நீரியல்காரன்:

தனிச்செய்தியில் சிலர், இப்போது வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். விசாகப்பட்டினத்துக்காரர் சொன்ன மாதிரி அவர்களே முனைவர்களாகித் திரும்புவதால் வெளிநாட்டு ஆசிரியர் தேவை முன்பு போல இல்லை. 2024 ஜூலையில் எத்தியோப்பிய நாணயமான பிர்ரை மிதக்கவிட்டார்கள், அதாவது அதன் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டார்கள். அதற்கு முன் டாலருக்கு 57 பிர்ர் அளவில் இருந்தது, சில வாரங்களில் நூறைத் தாண்டிவிட்டது. வாய்ப்பு வந்தால், சம்பளத்தில் எவ்வளவு டாலர், எவ்வளவு பிர்ர் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு யோசியுங்கள்.