23 நாள் கழித்து பர்மிங்காமில்

ரவி மாமா: இன்னிக்கு மே 6. 1954ல இதே நாள் ஆக்ஸ்போர்டுல ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிஷம் 59.4 செகண்டுல ஓடி முடிச்சார். நாலு நிமிஷத்துக்குள்ள அதுவரைக்கும் யாரும் ஓடினதில்ல 👏

கனி சித்தி: அண்ணே, அதே மாசம் 29ஆம் தேதி பர்மிங்காம்ல இன்னொரு மைல் நடந்துச்சு. டயான் லெதர்னு 21 வயசுப் பொண்ணு. 4 நிமிஷம் 59.6 செகண்டு. அஞ்சு நிமிஷத்துக்குள்ள மைல் ஓடின முதல் பெண் அவங்கதான்.

பிரியா: பேனிஸ்டர் பேரு ஸ்கூல் ஜிகே புக்லயே இருந்துச்சு. இவங்க பேரை இப்பதான் கேக்குறேன் சித்தி

கனி சித்தி: எனக்கு ஆறாத விஷயமே அதுதான். அவர் ஓடினது உலக சாதனை. இவங்க ஓடினதை 'உலகின் சிறந்த நேரம்'னு எழுதி வச்சதோட சரி. பெண்கள் ஓடுற மைலை சர்வதேச தடகளச் சம்மேளனம் சாதனைப் பட்டியல்ல சேர்த்ததே 1967லதான்.

பெரியப்பா: ஏன் சேர்க்கலை? ஓடியிருக்காங்க, நேரம் பாத்திருக்காங்க. வேற என்ன வேணும்?

கனி சித்தி: அதுக்கு 1928க்குப் போகணும் அத்தான். ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்லதான் பெண்களுக்கு முதல் தடவையா 800 மீட்டர் வச்சாங்க. ஜெர்மனியோட லினா ராட்கே 2:16.8ல ஜெயிச்சாங்க, அது உலக சாதனை. முடிச்ச களைப்புல சிலர் தரையில சாஞ்சாங்க. அதைப் பத்திரிகைக்காரங்க ஊதிப் பெருசாக்கி, பெண்கள் கொத்தாச் சுருண்டு விழுந்த மாதிரி எழுதிட்டாங்க. ஃபைனல்ல ஓடின 9 பேருமே கோட்டைத் தாண்டினவங்க.

கனி சித்தி: அதோட அந்த ஓட்டத்தை எடுத்துட்டாங்க. 1960 ரோம் வரைக்கும் ஒலிம்பிக்ல பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல ஒரு ஓட்டமும் இல்ல.

பெரியப்பா: 32 வருஷமா!

அம்மாச்சி: அப்ப அந்தப் புள்ள எங்கன ஓடிப் பழகுச்சு

கனி சித்தி: காட்டுலயும் மேட்டுலயும்தாம்மா. கிராஸ் கண்ட்ரி. இங்கிலாந்துல குளிர்காலம் பூரா நடக்கும். மழையில ஊறின புல்வெளி, கணுக்கால் வரைக்கும் சேறு, ஏத்தம், இறக்கம். பெண்களுக்கான தேசியப் போட்டி 1927லயே ஆரம்பிச்சாச்சு. டிராக்ல அரை மைல் ஓடினா உடம்பு தாங்காதுன்னு ஒலிம்பிக்காரங்க சொல்லிக்கிட்டு இருந்த அத்தனை வருஷமும் இந்தப் பொண்ணுங்க அதைவிட அதிக தூரம் சேத்துல ஓடிக்கிட்டுதான் இருந்தாங்க. எவ்வளவு யோசிச்சாலும் அவங்க சொன்ன காரணம் எனக்கு விளங்கல.

கனி சித்தி: டயானுக்கு ஊர் பர்மிங்காம் பக்கத்துல ஸ்ட்ரீட்லி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கைப் பார்த்த ஆர்வத்துலதான் பர்ச்ஃபீல்டு ஹாரியர்ஸ் கிளப்புல சேர்ந்தாங்க. பயிற்சி கொடுத்தவங்க டோரிஸ் நெல்சன் நீல். அடுத்த வருஷமே தேசிய கிராஸ் கண்ட்ரி சாம்பியன். 1953ல இருந்து 56 வரைக்கும் நாலு வருஷமும் அவங்கதான் 🏃‍♀️

பிரியா: சேர்ந்த உடனேயா?? நான் 1500 ஓடுறேன், கடைசி ரவுண்டுல காலு கல்லு மாதிரி ஆயிடும். கிராஸ் கண்ட்ரி ஓடினா அது சரியாகுமா சித்தி

கனி சித்தி: நிறைய ஆகும்டா. சேத்துல ஒரே வேகத்துல ஓட முடியாது. மேடு வந்தா மூச்சு வாங்கும், இறங்குறப்ப அதை மீட்டுக்கிட்டே அடுத்த மேட்டுக்குத் தயாராகணும். குளிர்காலத்துல அப்படி ஓடினவங்களுக்கு கோடையில டிராக்ல கடைசி ரவுண்டுக்குத் தெம்பு மிஞ்சும். அதே கிளப்புல முன்னாடி இருந்த கிளாடிஸ் லன்னும் கிராஸ் கண்ட்ரி சாம்பியன்தான். 1937ல மைலை 5:17.0ல ஓடினாங்க.

ரவி மாமா: 5:17ல இருந்து 4:59ஆ. பெரிய இறக்கம் கனி

கனி சித்தி: நடுவுல பலர் இருக்காங்கண்ணே. 1953லயே ருமேனியாவோட எடித் ட்ரைபல் 5:00.3 ஓடிட்டாங்க. டயான் மே 26ஆம் தேதி 5:00.2. ஒரு எட்டுல தப்பிப்போச்சு. மூணே நாள்ல திரும்ப வந்து ஓடினதுதான் அந்த 4:59.6, அலெக்சாண்டர் மைதானத்துல. அதோட நிக்கல. 1955 செப்டம்பர்ல 4:45.0! 1962ல நியூசிலாந்தோட மாரிஸ் சேம்பர்லின் 4:41.4 ஓடுற வரைக்கும் அதைத் தொட ஆளில்ல.

பெரியப்பா: ஒலிம்பிக் இல்லைன்னா வேற பெரிய போட்டி எதுலயும் ஓடலையா?

கனி சித்தி: ஐரோப்பியப் போட்டியில 800 மீட்டர் இருந்துச்சு அத்தான். 1954 பெர்ன்ல வெள்ளி, 1958 ஸ்டாக்ஹோம்ல வெள்ளி. பெர்ன்ல ஜெயிச்சது சோவியத்தோட நீனா ஒட்கலென்கோ. என்னைக் கேட்டா, டயானுக்கு 800 கொஞ்சம் குட்டை. அவங்க பலமே அதுக்கு மேலதான். ஆனா அந்த தூரத்துக்கு மெடல் வைக்கவே இல்லையே.

அம்மாச்சி: கல்யாணத்துக்கு அப்புறமும் ஓடுச்சா

கனி சித்தி: ஓடினாங்கம்மா. 1959ல கல்யாணம். மறு வருஷம் ரோம் ஒலிம்பிக்ல டயான் சார்லஸ்ங்கிற பேர்ல 800 ஓடினாங்க. முதல் சுத்தோட வெளிய வந்துட்டாங்க. அந்த வருஷமே ஓட்டத்தை நிறுத்தியாச்சு. அப்ப வயசு 27.

அம்மாச்சி: அய்யோ பாவம். பொறகு?

கனி சித்தி: நாலு பிள்ளைங்க. முன்னாடி பர்மிங்காம் பல்கலைக்கழகத்துல வேதியியல் ஆய்வாளரா வேலை பார்த்தவங்க, பிற்காலத்துல கார்ன்வால்ல குடியேறி, குழந்தைகள் பாதுகாப்புல சமூகப் பணியாளரா இருந்தாங்க. 2013ல இங்கிலாந்து தடகளத்தோட புகழரங்கத்துல பேர் சேர்த்தாங்க. 2018 செப்டம்பர்ல, 85 வயசுல காலமானாங்க. பேனிஸ்டரும் அதே வருஷம் மார்ச்லதான் போனார்.

பிரியா: சித்தி, ஒலிம்பிக்ல பெண்களுக்கு 1500 எப்ப வந்துச்சு?

கனி சித்தி: 1972, மியூனிக்.

பிரியா: அப்ப அவங்களுக்கு 39 வயசு 😞