பொருள்: மின்னணுச் சுங்க வசூலில் பல நிறுவனப் போட்டி – ‘பொதுவேற்பு’ சரியா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். மின்னணுச் சுங்க வசூலில் பல நிறுவனங்கள் போட்டியிட வழிவிடும் முறைக்கும் அதில் வரும் இரு தரப்பினருக்கும் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘திறந்த சுங்கமுறை’ என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் ‘சுங்கச்சாவடி திறப்பு’ என்று நாளிதழில் செய்தி வந்தால், புதிதாக ஒரு சாவடி வந்துவிட்டது, இனி அங்கேயும் காசு கட்ட வேண்டும் என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். அதோடு, தடுப்புக் கம்பமே இல்லாமல் ஓடுகிற வண்டியில் கட்டணம் பிடிக்கும் முறையும் இருக்கிறது. ‘திறந்த’ என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும்.

நாம் பெயர் வைக்க வேண்டியது வேறு ஒன்றுக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் ஒரு நெறியுரை (directive) கொண்டுவந்து, 2019இல் அதைத் திருத்தி எழுதியது. சாலைக்குக் கட்டணம் பெறுபவர் ஒருவர். வண்டிக்காரருக்குக் கருவி கொடுத்து, கணக்கு வைத்து, அவருக்காகக் கட்டுபவர் இன்னொருவர். முறையாகப் பதிவுசெய்து நிபந்தனைகளை நிறைவேற்றுகிற நிறுவனம் எதுவானாலும், பெறுபவர் பாகுபாடு பார்க்காமல் அதை ஏற்க வேண்டும். போட்டிக்கு வழிவிடுவது இந்தக் கடமைதான். இத்தாலியில் இப்படிக் கருவி கொடுக்கும் நிறுவனமாக நெடுங்காலம் டெலிபாஸ் மட்டுமே இருந்தது. 2022இல் யூனிபோல்மூவ் களத்துக்கு வந்தது.

நம் ஃபாஸ்டேகிலும் இந்தப் பிரிவினை உண்டு. ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றிய லாரி ஒன்று திருச்சிக்குப் போகும் வழியில் லெம்பலக்குடி சாவடிக்குள் நுழைகிறது என்று வையுங்கள். முன்கண்ணாடியில் ஒட்டிய டேகை மேலே உள்ள ரீடர் படிக்கிறது. முடக்கப்பட்ட டேகுகளின் பட்டியலில் அது இல்லை என்றால் கம்பம் உயர்ந்துவிடும். கணக்குத் தீர்ப்பது அப்புறம்தான். சாவடிக்காக வசூலிக்கும் வங்கி, வங்கிகளுக்கு இடையே கணக்குத் தீர்க்கும் அமைப்பான என்பிசிஐக்குத் தகவல் அனுப்புகிறது, அங்குள்ள பதிவேடு இது எந்த வங்கி கொடுத்த டேக் என்று காட்டுகிறது, அந்த வங்கி லாரிக்காரர் கணக்கில் கழிக்கிறது. வண்டி சில மைல் போன பிறகு எஸ்எம்எஸ் வருவது இதனால்தான்.

ஒரே பயணத்துக்கு இரண்டு முறை பிடித்துவிட்டால் டிரைவர் யாரோடு சண்டை போடுகிறார்? சாவடியில் நிற்கும் தம்பியோடு. தன் டேகைக் கொடுத்த வங்கியிடம்தான் முதலில் முறையிட வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. இரு தரப்பையும் ‘சுங்கச் சேவை வழங்குநர்’ என்ற ஒரே பெயரில் அடைத்தால் இந்தக் குழப்பத்தை நாமே அகராதியில் ஏற்றியதாகிவிடும். அதனால் ‘வழங்குநர்’ வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

> பெறுபவருக்குத் ‘தண்டலர்’ என்ற பழஞ்சொல் இருக்கிறதே?

அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் இன்று தண்டல் என்றால் கடைத்தெருவில் நாள்தோறும் வந்து வசூலிக்கும் கடன்தான். ‘சுங்கம் பெறுநர்’ போதும். கருவி கொடுத்துக் கணக்கு வைக்கும் மற்றவருக்குச் ‘சுங்க முகவர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். துறைமுகத்தில் சரக்கை விடுவித்துத் தருபவரை ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறோம். எந்தக் கருவி வந்தாலும் போனாலும் நாம் பெயர் தேடும் இந்த நிறுவனம் வைத்திருப்பது வண்டியின் வழிச்செலவுக் கணக்கு. ஆகவே ‘வழிக்கணக்கு நிறுவனம்’ என்கிறேன்.

இனி முறைக்கு. ‘பொதுவேற்பு’ என்பது என் முன்மொழிவு. ரங்கூனிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் (செட்டியார்கள்) எழுதிய உண்டியலை, அதாவது பணம் தரச் சொல்லும் சீட்டை, வேறொரு ஊரில் இன்னொரு கடை ஏற்றுப் பணம் தந்தது. எழுதியவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர், தீர்ப்பது பிறகு. இங்கும் அதே ஏற்புதான் நடக்கிறது. வித்தியாசம், அங்கே நம்பிக்கையின் பேரில் ஏற்றார்கள், இங்கே விதி ஏற்கச் சொல்கிறது. ‘பொது’ என்ற முன்னொட்டு அந்த விதியைக் குறிக்கும்.

> போட்டி வந்தால் சுங்கம் குறையுமா? அதையும் சொல்லில் காட்டலாமே.

குறையாது. கட்டண விகிதத்தை அரசு அறிவிக்கை முடிவு செய்கிறது. ரீசார்ஜ் வசதி, மாதாந்திர பில், தவறாகப் பிடித்ததைத் திருப்பித் தரும் வேகம் ஆகியவற்றில்தான் போட்டி. நாலைந்து லாரி வைத்திருப்பவருக்கு அதுவே பெரிய விஷயம். அதனால் ‘மலிவு’, ‘சலுகை’ போன்ற எதுவும் சொல்லுக்குள் வரக் கூடாது.

எழுத்து பற்றி மட்டும் ஒரு சந்தேகம். புணர்த்திப் ‘பொதுவேற்பு’ என்று எழுதினால் சிலர் ‘வேற்பு’ என்று பிரித்துப் படிக்கக்கூடும். ‘பொது ஏற்பு’ என்று இடைவெளி விடலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள், அதன்படியே பட்டியலில் சேர்க்கிறேன்.