பண்ணவாடி கரைக்கு போனப்ப நாங்க பாத்த பெரியவர், உங்களுக்கும் இப்படி யாராச்சும் அமைஞ்சிருந்தா சொல்லுங்க

செமஸ்டர் முடிஞ்சதும் எங்க க்ளாஸ்ல எல்லாரும் சேந்து ஒரு நாள் எங்கயாச்சும் போலாம்னு பேச்சு வந்துச்சு. சேலம் பக்கம் கருப்பூர்ல படிக்கறவங்களுக்கு அவுட்டிங்னாலே ஏற்காடுதான், ஏரியில போட்டிங், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், அவ்ளோதான் சாயங்காலம் பஸ் ஏறிடுவோம். எங்க க்ளாஸ்ல கொளத்தூர் பையன் ஒருத்தன் இருக்கான், அவன்தான் மேட்டூர் டேம்ல தண்ணி நல்லா இறங்கி கிடக்கு, எங்கூர் பக்கம் பண்ணவாடி கரை அப்படியே பீச்சு மாதிரி இருக்கும் வாங்கடான்னு கூப்டான். ஓமலூர் மேச்சேரி வழியா மேட்டூர், அங்கேருந்து கொளத்தூர் பஸ், அப்புறம் அவங்க ஊர்க்காரங்க ஒரு டெம்போவுல கரை வரைக்கும் கொண்டு போய் விட்டாங்க.

போய் பாத்தா நெஜமாவே கண்ணுக்கு எட்டுன வரைக்கும் வெறும் தரை, வெடிச்சு கிடக்கற களிமண்ணு, நடுவுல நடுவுல சிப்பி, கவுத்து போட்ட பரிசலு, அதுக்கும் தூரத்துல தண்ணி. நீர்மட்டம் 120 அடி இருந்தா இது எல்லாமே தண்ணிக்குள்ள இருக்கற இடம், 80 அடிக்கு கீழ போக போகத்தான் டேம் கட்டினப்ப முங்கின ஊரோட பழைய சர்ச் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் ஒவ்வொண்ணா வெளிய தெரியும்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு தெரியும், ஆனா ஃபோட்டோல பாக்கறது வேற, அந்த நந்திக்கு பக்கத்துல போய் நின்னு அண்ணாந்து பாக்கறது வேற. எங்க க்ளாஸ்ல தஞ்சாவூர் பொண்ணு ஒருத்தி இருக்கா, அவங்க வயலுக்கு பாயற தண்ணியே இங்கேருந்துதான் போகுது, அவ ரொம்ப நேரம் பேசவே இல்ல.

வெயில் ஏற ஏற பசங்க நாலஞ்சு பேரு சட்டைய கழட்டிட்டு தண்ணி பக்கம் போனாங்க. அப்பதான் வலையில கிழிசல் தச்சுட்டு இருந்த ஒரு பெரியவரு சத்தமா "ஏய் சாமி, நில்லுங்க நில்லுங்க"ன்னு கூப்டாரு. நீச்சல் தெரியுமான்னு கேட்டாரு. தெரியுங்கய்யா, கிணத்துலதான் கத்துக்கிட்டேன்னான் ஒருத்தன். "இங்க உள்ளயும் கிணறு இருக்குது கண்ணு, எது எங்க இருக்குன்னு உனக்கு தெரியுமா? இது கொளம் இல்ல, ஊரு. நீ இப்ப நிக்கறது தெருவு"ன்னாரு.

சொன்னதோட விடல. பரிசல் தள்ற மூங்கில் கழிய எடுத்துட்டு வந்து, முழங்கால் அளவு தண்ணி இருக்கற இடத்துல ஊனி காட்டினாரு பாருங்க, கழி பாதி வரைக்கும் சரசரன்னு உள்ள போயிடுச்சு. 1934ல டேம் கட்டி முடிச்சதுலேருந்து காவேரி கொண்டாந்து சேத்த வண்டல் அது, கரையில மேலாப்புல காஞ்சு கெட்டியா தெரியும், தண்ணியோரம் கூழா இருக்கும், கால் மாட்டுச்சுன்னா இழுக்க இழுக்க இன்னொரு கால் இறங்கும், பயத்துல தடுமாறி விழுந்தா முழங்கால் தண்ணியே போதும். இன்னும் கொஞ்சம் உள்ள போனா பழைய வயல் வரப்பு, செவுரு, கிணறு, அதனால ஆழம் படிப்படியா கூடாது, ஒரே எட்டுல பொசுக்குன்னு போயிடும். கடல்னா அலைய பாத்து பயப்படறோம், இங்க தண்ணி அசையாம இருக்கறதாலதான் பசங்க தைரியமா இறங்கிடறாங்க. எங்க பசங்க ஒரு வார்த்தை பேசாம சட்டைய போட்டுக்கிட்டாங்க. ஒரு போர்டு கூட எங்க கண்ணுல படல, அந்த மனுசன் மட்டும் அன்னைக்கு அங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் எனக்கு ஒரு மாதிரி ஆகுது.

அப்புறம் அவரே கூட்டிட்டு போய் காட்டினாரு. 1925ல வேலை ஆரம்பிச்சப்ப அவங்கப்பாரு சின்ன பையனாம், வீட்டு ஓட்டையும் உத்திரத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டு மேட்டுக்கு வந்தாங்களாம். தண்ணி இறங்கினா அந்த நெலத்துலயே எள்ளு, கம்புன்னு வெதைக்கறாங்க. சீக்கிரம் வெளையற பயிரா பாத்துதான் போடணும், "தண்ணி வர்றதுக்குள்ள அறுத்தா எனக்கு, இல்லீனா காவேரிக்கு"ன்னு சாதாரணமா சொல்றாரு. அவங்க வீட்டம்மா ஜிலேபி மீன் வறுத்து குடுத்தாங்க, காசு வாங்கவே மாட்டேன்னுட்டாங்க, கடைசியில எங்க பொண்ணுங்கதான் கெஞ்சி கையில திணிச்சோம்.

---

நாங்களும் காலேஜ் பசங்களா அதே கரைக்கு போயிருக்கோம், ஆனா மழை சீசன் ஆரம்பத்துல. பைக்க தண்ணி வரைக்கும் ஓட்டிட்டு போய் நிறுத்திட்டு சமைச்சுட்டு இருந்தோம், ஆடு மேய்க்கற அக்கா ஒருத்தங்க வந்து வண்டிய மேல ஏத்துங்க தம்பி, ஒகேனக்கல்ல தண்ணி கூடிருச்சாம்னாங்க. இங்க மழையே இல்லையேக்கான்னு கேட்டோம். இங்க எதுக்கு மழை, கர்நாடகாவுல பேஞ்சா பத்தாதான்னாங்க. அங்க சரிவு ரொம்ப கம்மி, அதனால மட்டம் ஒரு அடி ஏறினாலே தண்ணி தரையில ரொம்ப தூரம் பரவி வந்துடும். சாயங்காலம் நாங்க அடுப்பு மூட்டின கல்லு தண்ணிக்குள்ள.

---

பண்ணவாடின்னா எனக்கு ஞாபகம் இருக்கறது ஒரு பாட்டி. நந்திக்கு பூ வச்சு சூடம் காட்டிட்டு, அப்படியே திரும்பி சர்ச் கோபுரத்த பாத்தும் கும்பிட்டாங்க. ஏம்பாட்டி ரெண்டையும் கும்பிடறீங்கன்னு என் ஃப்ரண்டு கேட்டுட்டா. ரெண்டும் எங்கூருதான பாப்பான்னாங்க.

அப்புறம் போறவங்களுக்கு, டேம் நீர்மட்டம் தினமும் நியூஸ்ல வருது, பாத்துட்டு கெளம்புங்க. 80க்கு மேல இருந்தா நந்தி தெரியாது. நிழலுக்கு ஒரு மரம் கூட கிடையாது, தண்ணி நெறைய கொண்டு போங்க. அங்க பரிசல் ஓட்டறவங்க, மீன் பிடிக்கறவங்க யாரு இருந்தாலும் எறங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க.