நிக்கல் தகடு காட்டும் முரண்: வழிகாட்ட முடியுமா?

நண்பர்களே, வணக்கம். 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்கள் தாக்கும்போது நிக்கல்-58, கோபால்ட்-58 ஆக மாறும் வினையின் குறுக்குவெட்டை, அதாவது அந்த வினை நிகழும் வாய்ப்பின் அளவை, அளந்துவருகிறேன். நியூட்ரான் பாய்வை அறிய நிக்கலின் இருபுறமும் அலுமினியத் தகடு வைத்து, அதில் உருவாகும் சோடியம்-24 உமிழும் 1369 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவை எண்ணுகிறேன்.

எனக்குக் கிடைக்கும் மதிப்பு, அணுக்கரு வினைகளைக் கணக்கிடும் டாலிஸ் என்ற கணினி நிரலின் கணிப்பைவிட ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே வருகிறது. அந்த நிரலில் நிலை அடர்த்தி மாதிரிகளை (அணுக்கருவின் ஆற்றல் நிலைகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்று சொல்பவை) மாற்றிப் பார்த்தும் இடைவெளி குறையவில்லை. கோபால்ட்-58இன் 9 மணி நேர அரை ஆயுள் கொண்ட ஐசோமர் (சற்று நீடிக்கும் கிளர்வு நிலை) முழுவதும் சிதையட்டும் என்று ஒரு வாரம் காத்திருந்த பிறகே கோபால்ட்-58இன் 811 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கோட்டை எண்ணினேன். ஆகவே பிழை அங்கே இல்லை.

என் சந்தேகம் வேறு. டியூட்டீரியக் கற்றை மோதி நியூட்ரான் தரும் டிரிட்டியம் இலக்கில் படிந்துவிட்ட டியூட்டீரியத்திலிருந்து 2.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்களும் வருமே! நிக்கல் அவற்றோடும் வினைபுரியும். சோடியம்-24 உருவாக அதைவிட அதிக வாசல் ஆற்றல் (வினைக்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) வேண்டும் என்பதால் அலுமினியம் அதைத் தராது. மாதிரியைக் குறை சொல்லும் முன் இதைத் தீர்த்தாக வேண்டும்.

குறைந்த ஆற்றல் நியூட்ரான்களோடும் வினைபுரியும் இந்தியத்தின் தகடு சேர்த்து, அதன் நாலரை மணி நேர ஐசோமரை எண்ணி இந்தப் பங்கைக் கழித்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? தகட்டின் தடிமன், கதிர்வீச்சு நேரம் எவ்வளவு வைத்தீர்கள்? சுவரில் சிதறித் திரும்பும் நியூட்ரான்களை எப்படிப் பிரித்தீர்கள்? உங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து எழுதுங்கள்.